வெள்ளம் அடித்தவர்

எங்கள் ஊர்க் கோயிலில் தெய்வத்துக்கு அடுத்த இடம் மைக்குக்குத்தான். திருவிழா நாட்களில் முதலிடமே அதற்குத்தானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், வீட்டுக்குள் தமிழும் ரேஷன் கடையில் மலையாளமும் பேசுகிற ஊர் இது. இரண்டு பாஷை தெரிந்தவர்களுக்கு இரண்டு மடங்கு புத்தி இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

மைக்கில் பெரும்பாலும் வாசிப்பது வெடி வழிபாட்டைத்தான். இங்கே தெய்வத்துக்குப் பூவும் பாயசமும் கொடுப்பது போலச் சத்தத்தையும் கொடுக்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். மைக்கில் அதை வாசித்து, "வலிய வெடி ஒண்ணு, செறிய வெடி ரெண்டு" என்று முடிப்பார்கள். வலியது என்றால் பெரியது, செறியது என்றால் சின்னது. உடனே மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் நீளக் கம்பின் நுனியில் நெருப்பு வைத்துக்கொண்டு, வரிசையாக நட்டிருக்கும் இரும்புக் குற்றிகளில் ஒன்றைக் கொளுத்துவார். அந்தக் குற்றிக்குக் கதினா என்று பெயர். உள்ளே மருந்து போட்டு, மேலே செங்கல் பொடியை வைத்து இடித்து இறுக்கியிருப்பார்கள். நிறம் கிடையாது, பூ கிடையாது, வெறும் சத்தம். உங்கள் பெயருக்குப் பிறகு ஊர் அதிர்ந்தால் உங்களுக்குப் புண்ணியம்.

மைக்கில் வாசிக்கிற ஆள் கண்ணில் பட்டதை அப்படியே வாய்க்கு அனுப்புவார். இடையில் மூளை என்று ஒரு ஸ்டாப் இருக்கிறது, அங்கே அந்த வண்டி நிற்பதில்லை. ஒருமுறை யாரோ மளிகைக் குறிப்பின் மறுபக்கத்தில் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் பக்தியோடு, "கார்த்திகை நட்சத்திரம், பச்சமிளகு கால் கிலோ, சோப்புப் பொடி ஒண்ணு, வலிய வெடி ரெண்டு" என்று வாசித்தார். வெடியும் வெடித்தது. கும்பிட்டவர்களும் உண்டு.

நான் ஜங்ஷனில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், குழந்தைக்குச் சோறு கொடுக்கிற சடங்கு, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுப்பேன். போலீஸ் ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டால் சவத்தையும் எடுப்பேன். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்களின் மகள்கள் கல்யாணத்துக்கும் நான்தான் போயிருக்கிறேன். சவங்களிடம் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கழுத்தைக் கொஞ்சம் திருப்புங்கள் என்று கெஞ்ச வேண்டாம்.

நான் சொல்லப்போகிற இந்தச் சாவுக் கதையில் யாருடைய பெயரும் வராது. இறந்தவரின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒருதரம் வந்துவிட்டது, அது போதும் என்று அவர் மனைவி சொன்னாள். கோயில் கமிட்டிப் பிரசிடெண்டின் பெயரை நானே விட்டுவிட்டேன். அந்த மனிதருக்கு நான் கொடுக்கக்கூடிய பெரிய தண்டனை அதுதான்.

அவர் பெயர் இல்லாத இடம் எங்கள் ஊரில் குறைவு. கோயில் வளைவில், பஸ் ஸ்டாப் கூரையில், குடிதண்ணீர்க் குழாயின் மேடையில், மண்டபத்து நாற்காலிகளின் முதுகில் எல்லாம் இருக்கிறது. மண்டபத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தபோது இறக்கைகளில் பெயர் எழுதிக் கொடுத்தார். சுற்றும்போது பெயர் தெரியவில்லை என்று, முக்கியஸ்தர்கள் வரும் நேரத்தில் ஃபேனை நிறுத்தி வைக்கச் சொன்னார். எல்லாரும் வியர்த்து வழிந்துகொண்டு அண்ணாந்து பார்த்தோம்.

கடைசியில் கதினாவுக்கு வந்தார். தன் தகப்பனாரின் நினைவாக, மற்றதை எல்லாம் விடப் பெரிய கதினா ஒன்று. ஏதோ வெல்டிங் பட்டறையில் பழைய குழாயை வெட்டி அடியை அடைத்துச் செய்தது. அதைச் சுற்றிக் கிரைண்டரால் ஆழமாக எழுத்து வெட்டி, தங்க நிறப் பெயிண்ட் அடித்திருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தாலும் வாசிக்கலாம். தகப்பனாரின் பெயர் அதில் இல்லை, மகனுடையது மட்டும்தான். நடை திறந்து பூஜை செய்து அதை வரிசையில் வைத்தபோது நான்தான் ஃபோட்டோ எடுத்தேன். பிரசிடெண்டு அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

அந்தக் கதினாக்களைக் கொளுத்துகிறவர் மற்ற நாட்களில் கான்கிரீட் வேலைக்குப் போவார். சொந்த ஊர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், குடித்தனம் இங்கே. அவர் மனைவி என் ஸ்டுடியோவை ஒட்டிய தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். நடுவில் பலகைச் சுவர்தான். அவள் மெஷின் நின்றால் எனக்குக் கேட்கும், நான் யாரைத் திட்டினாலும் அவளுக்குக் கேட்கும். அதனால் அவள் குடும்ப விஷயம் எல்லாம் எனக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் அவர் நன்றாகக் குடிப்பார். ஒரு ஓணத்துக்கு ஓடையில் கிடந்தார். அன்றைக்கே அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கள்ளிக்காட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு வேலிக்கு வெளியே நிற்பார். அவள் வெளியே வந்து, "ஊதிக் காட்டும்" என்பாள். ஊதுவார். வாடை இருந்தால் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவாள். வாடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் திரும்பி வந்தாள். வந்த பிறகும் விடவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர் வாசற்படியில் நின்று வாயைக் குவித்து ஊத வேண்டும். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் செருப்பைக் கழற்றுவார். தெருவில் சின்னப் பிள்ளைகள் அதை நடித்து விளையாடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே அவர்களுக்கும் ஊதிக் காட்டுவார். வருஷக்கணக்கில் இது நடந்தது.

அந்தத் திருவிழாக் காலையில் நான் பொங்கல் வைக்கிற அடுப்புகளுக்கு நடுவில் புகையில் கண் எரிந்துகொண்டு நின்றேன். மைக்கில் பிரசிடெண்டின் பெயரும் நட்சத்திரமும் வாசித்து, "வலிய வெடி ஒண்ணு" என்றார்கள். சத்தம் வந்தது, ஆனால் தப்பாக வந்தது. கதினாவின் சத்தம் ஆகாசத்துக்குப் போகும், இது தரையோடு வந்து முழங்காலில் இடித்தது. கமிட்டி ஆபீசின் தகரம் கிணீர் என்றது. யாரோ கத்தினார்கள். மைக் நிற்கவில்லை. அடுத்த பெயர், உத்திராடம், செறிய வெடி ரெண்டு. கொளுத்த ஆள் இல்லை. அதற்கடுத்த பெயர். மூன்றாவது சீட்டுக்குத்தான் யாரோ போய் அந்த ஆளின் கையில் இருந்து மைக்கைப் பிடுங்கினார்கள்.

ஆம்புலன்ஸ் வரும் முன்பே அவர் போய்விட்டார். போலீஸ் கூப்பிட்டது, நான் போய் நின்றேன். தினமும் பார்க்கிற ஆளைச் சவமாக எடுப்பது வேறு விஷயம். இடது இடுப்பும் தொடையும் சேரும் இடத்தில்தான் காயம். முகத்தில் ஒரு கீறல் கிடையாது. பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரியே இருந்தது. அந்த முகத்தை நான் எடுத்தேன், போலீஸ் பார்த்தது, பிரசிடெண்டு பார்த்தார், ஊரே எட்டி எட்டிப் பார்த்தது. இத்தனை பேரும் பார்த்த பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார்கள்: குடித்துவிட்டு வந்து, வெடிக்காத கதினாவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தான், வெடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் மைக்கில் அறிவிப்பு வந்தது. கதினா கொளுத்திய ஆள் மது குடித்து வந்த காரணத்தால் க்ஷேத்திரத்தில் அசுத்தி நேர்ந்திருக்கிறது, நாளை தீட்டுக் கழிக்கும் சுத்தி கலசம் நடக்கும், பக்தஜனங்கள் ஒத்துழைக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சவம் அப்போதும் மார்ச்சுவரியில்தான் இருந்தது. அவள் வீடு கோயில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருக்க, அவள் முழுவதையும் கேட்டாள். டிவிக்காரர்கள் அடுத்த நாள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கையில் பாட்டிலோடு தள்ளாடுகிற ஒரு கார்ட்டூன் மனிதனை வரைந்து, கதினாவுக்குள் குனிய வைத்து, வெடிக்கவும் வைத்தார்கள். பின்னணியில் சங்கீதம் வேறு.

காரியங்கள் எல்லாம் முடிந்து அவள் கடைக்கு வந்த முதல் நாள், மெஷினைத் தொடாமல் நேராக என் ஸ்டுடியோவுக்குள் வந்தாள்.

"எக்கா, நீங்க தானே படம் எடுத்திய. அவருக்க மொகத்துல வல்ல காயமும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல மக்கா."

"பின்ன எப்பிடி தலைய நீட்டினாருன்னு சொல்லுதினும்?"

"வாய் உள்ளவனுவ சொல்லுதானுவ."

அவள் என் லைட் ஸ்டாண்டை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "சாவு எல்லாருக்கும் உள்ளதாக்கும். அது எனக்குத் தெரியும். ஆனா குடிச்சிட்டுச் செத்தாருன்னு சொன்னா, இத்தன வருசமா நான் வாசல்ல நின்னு மோந்தது ஆருக்க வாய? அவர நிறுத்த வச்சது நானாக்கும். எனக்கு வேற என்ன உண்டு? மைக்கில சொன்னத மைக்கில திருத்தணும்."

"போலீசு அறிக்க வரும், கோர்ட்டு உண்டு..."

"அது கெடக்கட்டு. இந்த ஊரு பேப்பரு வாசிக்காது எக்கா. மைக்கத்தான் கேக்கும்."

அவள் சொன்னது சரி.

சில நாள் கழித்து, நகரத்தில் இருந்து தடயவியல் ஆபீசர் ஒருவர் வந்தார். பெண், கோட்டயத்துக்காரி, காலில் ஷூ, தலையில் தொப்பி. வந்ததும் சர்க்கரை போடாத சாயா கேட்டார். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இன்னொரு அலங்காரம் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் பேசுவதற்கு முன்பு பார்த்தார். எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது.

நடந்ததை மறுபடி நடத்திக் காட்ட வேண்டும் என்றார். அதற்கு ஓர் ஆள் உயரத்துக்குப் பொம்மை தேவை. போலீஸ்காரர் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடைக்குப் போய் ஆண் பொம்மை ஒன்றைக் கடன் வாங்கி, ஆட்டோவில் தன் மடியில் கிடத்திக் கொண்டுவந்தார். அது கல்யாணக் கோட்டு போடுகிற பொம்மை. ஒரு கை இடுப்பில், முகத்தில் மாப்பிள்ளைச் சிரிப்பு. இடுப்பு மடங்காது. கதினாவுக்குள் தலையை நீட்டச் சொன்னால் அப்படியே குப்புற விழுந்தது. வேடிக்கை பார்க்க ஊர் திரண்டிருந்தது. ஐஸ்கிரீம் வண்டி கூட வந்துவிட்டது.

"ஞான் காட்டித் தராம்" என்று பிரசிடெண்டு முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலி கதினா ஒன்றின் மேல் குனிந்து, உள்ளே முகத்தை வைத்துக் காட்டினார். "தா, இங்ஙனே."

ஆபீசர், "அப்படியே நில்லுங்கள்" என்றார். என்னிடம், "எடுங்கள்" என்றார். நான் எடுத்தேன். வேறு பக்கத்தில் இருந்தும் எடுத்தேன். இன்னும் வேறு பக்கத்தில் இருந்தும் எடுத்தேன். ரத்தம் தலைக்கு ஏறி அவர் காது சிவக்கும் வரை எடுத்தேன். பிறகு ஆபீசர் கேட்டார்: "இப்படி நின்ற ஆளுக்குக் காயம் எங்கே படும் சார்?"

பிரசிடெண்டு நிமிர்ந்து வேட்டியைச் சரிசெய்தார்.

அந்த அம்மாள் நூல் கேட்டார். பூ கட்டுகிற நூல் உருண்டைகளைக் கோயிலில் இருந்தே கொடுத்தார்கள். இரும்புத் துண்டுகள் போய்ப் பட்ட இடங்களில் எல்லாம் ஆணி அடித்து நூலைக் கட்டினார். மதில் சுவரில் ஒன்று, பலா மரத்தில் ஒன்று, கமிட்டி ஆபீஸ் தகரத்தில் ஒன்று. எல்லா நூலையும் இழுத்துக்கொண்டு வந்தபோது, அவை, அவர் தலையை நீட்டியதாகச் சொன்ன, அன்று வெடிக்காமலே நின்ற கதினாவுக்கு வரவில்லை. அதற்கு அடுத்து, தகப்பனார் நினைவாக வைத்த அந்தப் பெரிய கதினா இருந்த குழியில் வந்து சேர்ந்தன. பிறகு பொம்மையைக் கொளுத்துகிற கம்பின் நீளத்துக்குத் தள்ளி நிறுத்தி, இடுப்புக் காயத்தின் உயரத்தில் ஒரு நூலைப் பிடித்தார். குழிக்கும் காயத்துக்கும் நடுவில் நூல் நேராக நின்றது. அந்த மனிதர் குனியவில்லை. நிற்க வேண்டிய தூரத்தில் நிமிர்ந்து நின்று, கம்பை நீட்டிக் கொளுத்தியிருக்கிறார். கதினா மேலே வெடிக்காமல் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது.

பொம்மைக்கு அவருடைய சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள். தோள் அளவு வேண்டும் என்று போலீஸ் கேட்டு வாங்கியது. அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் போய், பொம்மையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பொம்மை சிரித்துக்கொண்டே நின்றது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

சரி, குடி எங்கிருந்து வந்தது? ஆபீசரும் அதைத்தான் கேட்டார். ஸ்டேஷன்காரர் சாட்சி மொழியைக் காட்டினார். திருவிழாவில் கடலை விற்கிற தமிழ் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை அன்று மத்தியானமே எழுதியவர் வடக்கே கண்ணூரில் இருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரர். அதில், "அவர் வெள்ளமடிச்சு, பின்னே அடுத்து சென்னு" என்று இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம்தான், ஆனால் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தமிழில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் சொல்வோம். குடிக்க வெள்ளம் தா, செடிக்கு வெள்ளம் அடி. அடிப்பது என்றால் வாளியில் இருந்து வீசி ஊற்றுவது. மலையாளத்திலும் வெள்ளம் தண்ணீர்தான். ஆனால் வெள்ளமடித்தான் என்று சேர்த்துச் சொன்னால் சாராயம் குடித்தான் என்று அர்த்தம். அடுத்து என்பதற்கும் அங்கே பக்கத்தில் என்று அர்த்தம். கண்ணூர்க்காரர் ஓர் எழுத்துக் கூடத் தப்பாக எழுதவில்லை. கேட்டதை அப்படியே எழுதி, தெரிந்த அர்த்தத்தில் படித்துக்கொண்டார். அவரையாவது மன்னிக்கலாம். இந்த ஊரில் பிறந்து, இரண்டு அர்த்தத்தையும் தாய்ப்பாலோடு குடித்த கமிட்டிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, தங்களுக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்களே, அவர்களை என்ன செய்வது?

கடலைக்காரரைக் கூப்பிட்டார்கள். "நான் அதத்தானே சார் சொன்னேன்" என்றார் அவர். "ஒரு குற்றி வெடிக்கல்ல. அதுக்கு இப்பிடி வெள்ளம் அடிச்சாரு, வாளியோட." கையால் வீசிக் காட்டினார். "நனஞ்சிட்டான்னு பாத்திட்டு, பின்ன அடுத்த குற்றிக்குப் போனாரு. சூச்சிச்சு, கவனமா வேல செய்யுத ஆளாக்கும் சார் அவரு."

போலீஸ் மூடி வைத்திருந்த அந்த வெடிக்காத கதினாவை ஆபீசர் திறந்தார். உள்ளே மருந்து நனைந்து காய்ந்து கட்டியாகி, மேலே உப்புப் போல வெள்ளை பூத்திருந்தது. வெடிக்காத கதினாவுக்குப் பக்கத்தில் போகும் முன் செய்ய வேண்டியதை அவர் செய்திருக்கிறார். அதைச் செய்ததற்குத்தான் மைக்கில் குடிகாரன் ஆனார். மாதங்கள் கழித்து வயிற்றின் ரசாயன அறிக்கையும் வந்தது. ஒரு சொட்டு மது இல்லை.

கிழிந்த கதினாவின் துண்டுகளை அன்னதான மண்டபத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒன்றோடொன்று பொருத்தினார்கள். எல்லாம் வெட்டிய எழுத்துகளின் பள்ளத்தின் வழியாகவே கிழிந்திருந்தன, ஓட்டை போட்ட தபால்தலை கிழிகிற மாதிரி. ஆழமாக வெட்டினால்தானே தூரத்தில் இருந்து தெரியும். துண்டுகள் சேரச் சேர அந்தப் பெயர் மேசையில் எழுந்து வந்தது. நடுவில் ஓர் எழுத்து மட்டும் இல்லை. அந்த இடத்தை ஆபீசர் காலியாக விட்டார்.

படம் எடுக்க நான் ஸ்டூலில் ஏறி நின்றபோது பிரசிடெண்டு என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, எங்கள் ஊர்த் தமிழில் பேசினார். காரியம் ஆக வேண்டும் என்றால் அவருக்குத் தமிழ் வரும்.

"ஒரு சகாயம் செய்யணும். பேரு வராம எடுக்கப் பற்றுமா?"

ஆயுளில் ஒரே ஒருமுறை அந்த மனிதர் தன் பெயர் தெரிய வேண்டாம் என்று கேட்டார். அதைக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"முழுசும் வராது சார்" என்றேன். "ஒரு எழுத்து டாக்டருக்க குப்பியிலயாக்கும் இருக்கு. அவருக்க இடுப்புல இருந்து எடுத்தது."

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். நான் படம் எடுத்தேன், எல்லா எழுத்தும் தெளிவாக விழும்படி.

அறிக்கை போனது, வழக்கு வந்தது. பிரசிடெண்டு முன்ஜாமீன் வாங்கினார். வழக்கு நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வாய்தா வாய்தாவாகத் தூங்குகிறது. அவளும் நானும் கமிட்டி ஆபீசுக்குப் போனோம். தகரத்தில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: மைக்கில் திருத்தம்.

பிரசிடெண்டு மேசையில் இருந்த பூவை நகர்த்தி வைத்தார். "அது கழிஞ்ச காரியமல்லே. இனி மைக்கில பறஞ்சா, அன்னு செய்த சுத்தி கலசம் தெற்றுன்னு ஆகும். தந்திரியோடு யார் சமாதானம் பறயும்?" தெற்று என்றால் தப்பு, தந்திரி என்றால் கோயிலின் தலைமைப் பூசாரி. பிறகு பெரிய மனது பண்ணி, இறந்தவரின் நினைவாகக் குளக்கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டுத் தருவதாகச் சொன்னார். இறந்தவரின் பெயர் மேலே, உபயம் இன்னார் என்று கீழே.

"அதுல அவரு இருக்க மாட்டாரு" என்றாள் அவள். எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த திருவிழா வந்தது. வெடியை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. புதுக் கதினாக்கள், வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த புது ஆள். எழுத்து வெட்டவில்லை. பிரசிடெண்டின் பெயரைப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி நட்டிருந்தார்கள். அதுதான் அவர்கள் படித்த பாடம். அவர் மேடையில், நாலு மாலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மைக்கில் அதே ஆள்.

காலையில் நல்ல கூட்டம். கவுண்டரில் சீட்டுக் கட்டை வெளியே வைத்துவிட்டார்கள், அவரவரே எழுதிக் கொடுத்தார்கள். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். முன்பக்கம் எழுதி, திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்டேன். "வழிபாடாக்கும்" என்றாள். கவுண்டரில் இருந்தவன் பணத்தைப் பார்த்தான், சீட்டைப் பார்க்கவில்லை. சீட்டு மற்றதோடு சேர்ந்து மைக்குக்குப் போனது.

நாங்கள் மைதானத்தில் நின்றோம். ரேவதி நட்சத்திரத்துக்கு வெடி வெடித்தது. மகத்துக்கு வெடித்தது. ஒவ்வொரு தடவையும் அவள் தோள் துள்ளியது. பிறகு அவருடைய பெயர் வந்தது. முழுப் பெயர், ஓர் எழுத்துக் குறையாமல். அந்த ஆள் அதே பக்திக் குரலில், ஏற்ற இறக்கம் எல்லாம் போட்டு வாசித்தார்.

"அவிட்டம் நட்சத்திரம். குடி நிறுத்திய ஆள். அன்னு கதினாவினு வெள்ளம் ஒழிச்சு. கள்ளு குடிச்சில்ல. வலிய வெடி வேண்டா. செறிய வெடி வேண்டா."

ஒழிச்சு என்று எழுதியிருந்தாள். ஊற்றினார் என்று மலையாளத்தில் ஒரே அர்த்தம் உள்ள சொல். அடிச்சு என்று எழுதவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் புது ஆள் நெருப்புக் கம்பைத் தூக்கியபடி நின்றான். கொளுத்துவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. மேடையில் பிரசிடெண்டு பாதி எழுந்தார். மைக்கில் சீட்டைத் திருப்பும் சத்தம் கேட்டது. பின்பக்கத்திலும் எழுத்து இருந்தால் அதையும் வாசிப்பதுதானே அந்த ஆளின் குணம்.

"வழிபாடு நடத்துந்நது, பார்யை. பூரம் நட்சத்திரம். திவசவும் வாய் மணத்து நோக்கியிட்டுள்ளதாணு."

வழிபாடு நடத்துவது மனைவி, தினமும் வாயை மோந்து பார்த்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். கூட்டத்தில் யாரோ ஒருத்தி கைகூப்பிக் கும்பிட்டாள். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்களுக்குத்தான் அது உடனே புரிந்தது. அவர்கள் சிரித்த பிறகு பெரியவர்களுக்கும் புரிந்தது. ஒரு பெயருக்குப் பிறகு வெடி வராமல் எங்கள் ஊர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எல்லாரும் கதினாக்களின் பக்கம் திரும்பி, வராத சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் என் பக்கத்தில் நின்று, வாயைக் குவித்து, நீளமாக ஒருதரம் ஊதினாள்.